ஸ்டூடியோவுக்குள் ஒரு கிளப்

கேனன்பால் ஆடர்லியின் ஜாஸ் குழு வெளியிட்ட 'மெர்சி, மெர்சி, மெர்சி' இசைத்தட்டு, சிகாகோவில் 'தி கிளப்' என்ற இடத்தில் நேரடியாகப் பதிவானது என்று அதன் அட்டை சொல்லும். அது உண்மையல்ல. 1966 அக்டோபரில் ஹாலிவுட்டில், கேபிட்டல் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பதிவானது அது. தயாரிப்பாளர் டேவிட் ஆக்ஸல்ராட் ஸ்டூடியோவுக்குள் ரசிகர்களை வரவழைத்து உட்காரவைத்தார். வந்தவர்களுக்கு மதுவும் தாராளமாக வழங்கப்பட்டது. சிகாகோ கிளப்பைப் புதிதாக எடுத்து நடத்தியவர் கேனன்பாலின் நண்பர். அவருக்கு ஒரு விளம்பரமாக இருக்கட்டும் என்று அந்தப் பெயரை அட்டையில் போட்டுவிட்டார்கள்.

முகவரி பொய்யாக இருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நல்ல ஸ்டூடியோ கையில் இருக்கும்போது, அதற்குள் ஒரு கூட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஏன் தோன்றியது? இந்த இசை பிறந்த கதையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கேனன்பால் ஃப்ளோரிடாவில் பள்ளி இசை ஆசிரியராக இருந்தவர். 1955-இல் நியூயார்க் வந்ததும் அவருடைய ஆல்டோ சாக்ஸபோன் பேசப்பட்டது. ஆனால் தம்பி நாட் என்பவருடன் தொடங்கிய முதல் குழு கடனில் மூழ்கிக் கலைந்தது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் போய்ச் சேர்ந்தார். டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டில் ஒலிக்கும் ஆல்டோ கேனன்பாலுடையதுதான். 1959 இலையுதிர்காலத்தில் மறுபடியும் துணிந்து, தம்பியோடு ஐவர் குழு ஒன்றை அமைத்தார். பியானோவுக்கு வந்தவர் ஃபிலடெல்ஃபியாவின் பாபி டிம்மன்ஸ், தேவாலய இசையில் ஊறி வளர்ந்தவர். அவர் எழுதிய 'திஸ் ஹியர்' மூன்று அடித் தாளத்தில் போகும். கேட்கிறவர்களைக் கைதட்டாமல் இருக்கவிடாது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜாஸ் வொர்க்‌ஷாப் கிளப்பில் அதை வாசித்தபோது கூட்டம் கொண்டாடியது. ரிவர்சைடு நிறுவனத்தின் ஆரின் கீப்நியூஸ் அதைப் பதிவுசெய்ய வந்தார். ஊரில் தோதான ஸ்டூடியோ அமையாததால், கிளப்பிலேயே கருவிகளை வைத்தார். அதனால் இசையோடு சேர்ந்து ஆரவாரமும் தட்டில் ஏறியது. 'சோல் ஜாஸ்' என்ற பெயர் பரவியதில் அந்தத் தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கறுப்பின மக்களின் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை உடனே பதில் கொடுக்கும். அந்தப் பதில் வராவிட்டால் பிரசங்கமே அரைகுறைதான். சோல் ஜாஸும் அப்படிப்பட்டது என்பது என் எண்ணம். ஜோடித்த ஸ்டூடியோவில் கேனன்பால் தேடியது அந்தப் பதிலைத்தான்.

ஹாலிவுட்டில் அன்று வாசித்த 'மெர்சி, மெர்சி, மெர்சி' மெட்டைக் கொடுத்தவர் ஜோ ஸாவினுல். 1932-இல் வியன்னாவில் பிறந்து, சிறு வயதில் அக்கார்டியன் வாசித்துப் பழகியவர். 1959-இல் அமெரிக்கா வந்தார். தேவாலயப் பாடல்களில் இருந்து வந்த டைனா வாஷிங்டனுக்குப் பியானோ வாசித்துவிட்டு, 1961-இல் கேனன்பாலிடம் சேர்ந்தார். வியன்னாக்காரரின் கைக்கு இந்தத் தேவாலயக் குரல் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, டைனாவுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்த அந்த இரவுகளே விடை.

இந்த மெட்டுக்கு ஸாவினுல் எடுத்துக்கொண்டது வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ. முதலில், துன்பம் வரும்போது அதை எப்படித் தாங்குவது என்று தெரியாமல் நிற்கும் நிலையைப் பற்றிக் கேனன்பால் கொஞ்சம் பேசுகிறார். பிறகு பியானோ மெதுவாக மெட்டைத் தொடங்குகிறது. இரண்டே கார்டுகள் மாறி மாறி வர, ராய் மெக்கர்டியின் டிரம்ஸும் விக்டர் கேஸ்கினின் பாஸும் அவசரப்படாமல் நடக்கின்றன. சாக்ஸபோனும் தம்பி நாட்டின் கார்னெட்டும் உள்ளே நுழைந்து மெட்டை மேலே ஏற்றுகின்றன. உச்சியைத் தொடும் இடத்தில் கூட்டம் கத்துகிறது. அந்தக் கத்தல் இல்லாமல் இந்த மெட்டை இன்று என்னால் நினைக்கவே முடியவில்லை. இத்தனைக்கும் குழுத் தலைவரான கேனன்பால் இதில் தனி ஆலாபனை எதுவும் செய்யவில்லை. எவ்வளவு வேகமான மெட்டானாலும் விளையாடிக் காட்டக்கூடியவர், தம்பியோடு சேர்ந்து மெட்டை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு சாக்ஸபோன் கலைஞரிடம் நான் கண்ட மிகப் பெரிய பெருந்தன்மை அது.

இந்த மெட்டு சிங்கிளாக வெளிவந்து 1967-இல் பில்போர்ட் 'ஹாட் 100' பட்டியலில் 11-ஆம் இடம் வரை ஏறியது. ஜாஸ் குழு ஒன்றுக்கு அது அபூர்வமான இடம். கிராமி விருதும் கிடைத்தது. அதே வருடம் பக்கிங்ஹாம்ஸ் என்ற ராக் குழு வார்த்தைகள் சேர்த்துப் பாடியது 5-ஆம் இடத்துக்கே போனது.

உண்மையான 'தி கிளப்'பிலும் கேனன்பால் குழு 1966 மார்ச்சில் வாசித்துப் பதிவுசெய்திருந்தது. அந்த நாடா 'மணி இன் தி பாக்கெட்' என்ற பெயரில் 2005-இல்தான் வெளிவந்தது. 1969-இல் இவர்கள் நேராகச் சிகாகோவில் போதகர் ஜெசி ஜாக்சனின் 'ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட்' இயக்கத்தின் கூட்டத்துக்கே போய் 'கன்ட்ரி பிரீச்சர்' தட்டைப் பதிவுசெய்தார்கள். அங்கே கூட்டத்தை அழைத்துவர வேண்டிய தேவை இருக்கவில்லை. தலைப்பு மெட்டை எழுதியவர் மறுபடியும் ஸாவினுல்தான்.