மேற்கு பார்த்த ஆண்டெனா, கிழக்கு பார்த்த டிஷ்

1980களின் இறுதியில் ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி மொட்டைமாடிகளில் நின்ற ஆண்டெனாக்களில் பெரும்பாலானவை தென்மேற்கைப் பார்த்தபடியே இருந்தன. அந்தத் திசையில், சுமார் 145 கிலோமீட்டர் தள்ளி, கொடைக்கானல் இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த திருச்சிக்கு அதனால் பயனில்லை. கொடைக்கானலில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம் காவிரிக்கரைக்குப் படம் கொண்டுவந்தது. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில் கிளம்பும் அலை, பூமியின் வளைவு மறைப்பதற்குள் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் ஓடிவிடும். திருச்சி அந்த வட்டத்துக்குள் இருந்தது.

1939 மே 16 அன்றே வானொலி நிலையம் பெற்ற ஊர் இது. கூரையில் ஏரியல் கம்பி கட்டிப் பழகியவர்களுக்கு ஆண்டெனா புதிதல்ல. தொலைக்காட்சிதான் வானொலியைவிடக் கண்டிப்பானது. குழாயை ஒரு சாண் திருப்பினால் படம் புள்ளிப்புள்ளியாகப் போகும். மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, கீழே கூடத்திலிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கத்த, நடுவில் படிக்கட்டில் ஒரு சிறுவன் இருவருக்கும் தூது போவான். 1987 ஜனவரி 25 அன்று ராமாயணம் தொடர் தொடங்கிய பிறகு, ஞாயிறு காலைகளில் இந்தக் கூச்சல் தெருவுக்குத் தெரு கேட்டது. தொடர் இந்தியில்தான் வந்தது. ராமன் கதைக்கு அரங்கன் ஊரில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதே ஆண்டு மார்ச் 25 அன்றுதான் 236 அடி ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அவ்வளவு பெரிய கட்டுமானம் அருகில் இருந்தால், அலை அதில் பட்டுத் திரும்பும். நேராக வரும் அலையோடு அதுவும் சேர்ந்துகொண்டால், திரையில் செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் மங்கலாக நிற்பார். குழாயை உயர்த்துவது, பூஸ்டர் போடுவது, இவைதான் அன்றைய மருந்துகள். பூஸ்டரைப் பலர் டிவிக்குப் பின்னால் மாட்டினார்கள். வயரில் வழியெல்லாம் தேய்ந்து வந்த சிக்னலை அங்கே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதைக் குழாயின் உச்சியில், ஆண்டெனாவுக்கு அடியிலேயே கட்டினார். இந்த நகரத்தின் தொலைக்காட்சி வரலாறு முழுவதிலும் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வருகிறது: வானத்திலிருந்து கிடைத்ததைவிட, வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் தொலைந்ததே அதிகம்.

1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி ஆசியாசாட் 1 வழியாக ஒளிபரப்பத் தொடங்கியதும் ஊர் திசை மாறியது. அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 105.5 பாகை கிழக்கில் நின்றது. திருச்சியிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து சுமார் 20 பாகை தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில். இவ்வளவு செங்குத்தாக வரும் அலையை ராஜகோபுரமும் மலைக்கோட்டையும் மறிக்க முடியாது. கோபுரத்தின் காலடியில், ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் சில வீடுகளுக்கு மட்டுமே அந்தத் தொல்லை.

எட்டடி, பன்னிரண்டடி வலை டிஷ்ஷை எல்லோரும் வாங்கிவிட முடியாது. ஏற்கெனவே வீடியோ கேசட்டில் படம் ஓட்டி, தெருவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதை வாங்கினார்கள். அவர்களுடைய மாடி அறைக்குக் 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர் வந்தது. டிஷ்ஷை நிறுத்துவது நுணுக்கமான வேலை. திசைகாட்டி வைத்துக் கிழக்கைப் பிடிப்பார்கள். கோணமானி வைத்துச் சாய்வைப் பிடிப்பார்கள். பிறகு குவியத்தில் இருந்து சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யை மயிரிழை மயிரிழையாகச் சுற்றி, அலை அதிரும் திசையான போலாரிட்டியைப் பிடிப்பார்கள். எட்டடி டிஷ்ஷின் பார்வை அகலமே இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆடிக் காற்று ஒரு போல்ட்டைத் தளர்த்தினாலும் தெருவே இருண்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபோது, அது ஆசியாசாட்டில் இல்லாததால், மாடியில் இன்னொரு டிஷ் ஏறியது.

கன்ட்ரோல் ரூமில் கண்ணாடிபோல் இருந்த படம் தெருக்கோடி வீட்டில் ஏன் கொசு மொய்த்தது? காரணம் வயரில் இருந்தது. வீடுகளுக்குள் இழுக்கும் ஆர்.ஜி. 6 வயர் நூறு மீட்டரில், 55 மெகாஹெர்ட்ஸ் சிக்னலில் ஐந்தாறு டெசிபலை விழுங்கும். 860 மெகாஹெர்ட்ஸில் இருபது டெசிபல் போய்விடும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் மூன்றரை டெசிபல் எடுத்துக்கொள்ளும். தெருமுனைக்குத் தெருமுனை ஆம்ப்ளிபையர் வைத்தால், ஒவ்வொன்றும் தன் இரைச்சலையும் சேர்க்கும். ஆகவே கெட்டிக்கார ஆபரேட்டர் மக்கள் அதிகம் கேட்கும் சேனலைக் கீழ் அலைவரிசையில் வைத்தார். பழைய டிவிகளும் அந்த முதல் பன்னிரண்டு சேனல்களைத்தான் சிரமமில்லாமல் பிடித்தன. சுவரோடு சுவர் ஒட்டிய ஸ்ரீரங்கத்து வீடுகளில் வயர் மாடிக்கு மாடி தாவிச் செல்ல முடிந்தது. இந்த வலை முழுக்க விரிந்த பிறகுதான், 1995இல், கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது.

செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் டிடிஎச் வந்ததும் டிஷ் இரண்டடியாகச் சுருங்கி வீட்டுக்கு வீடு ஏறியது. அது பயன்படுத்தும் கேயூ அலைவரிசைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐப்பசி மழை வலுத்தால் சிக்னல் நீரில் கரைந்துவிடும். 2010 ஜூலை 7 அன்று இன்சாட் 4பி செயற்கைக்கோளின் மின்சாரம் பழுதாகி, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி அணைக்கப்பட்டன. அதை நம்பியிருந்த டிடிஎச் நிறுவனம் சன் டைரக்ட் 93.5 பாகையிலிருந்து 91.5 பாகையில் இருந்த மீசாட் 3க்கு மாறியது. வித்தியாசம் இரண்டே பாகை, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம். அதற்காக டிஷ்களைத் தளர்த்தித் திருப்பி மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. மொட்டைமாடிக் கூச்சல் ஒரு தலைமுறைக்குப் பிறகு மறுபடி கேட்டது.

வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறப்பது இன்று நேரலையாக வருகிறது. அந்தக் காட்சி 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே இறங்கி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் சித்திரை வீதி வீட்டுக்குச் சில விநாடி தாமதமாக வந்து சேர்கிறது.

அந்த வலை டிஷ்கள் துருப்பிடித்து எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் பாகையும் டெசிபலும் கைப்பழக்கத்தில் கற்ற மெக்கானிக்குகளுக்கும் வயதாகிறது. ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் திருச்சி அரசு அருங்காட்சியகம் ஒரு எட்டடி டிஷ்ஷையும் ஒரு பூஸ்டரையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அவற்றை நிறுத்தியவர்களின் பேச்சையும் இப்போதே பதிவு செய்ய வேண்டும்.