சாயம் போன சட்டையும் சண்டிக்கட்டும்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வேலை செய்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நயினாதீவிலிருந்து வரும் படகு துறையை நெருங்கும்போது, கயிறு பிடிக்க நிற்பவர் சாரத்தின் கீழ்க்கரையை இரண்டு கையாலும் அள்ளி, முழங்காலுக்கு மேலே கொண்டுவந்து, இடுப்பில் ஒரு முறுக்கு முறுக்கிச் செருகிவிடுவார். சண்டிக்கட்டு ஆயிற்று. இனி அவர் பாயலாம், குந்தலாம், தண்ணீரில் இறங்கலாம். வேலை முடிந்து ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டால் கட்டு அவிழ்ந்து சாரம் கணுக்காலுக்கு வந்துவிடும், மரியாதையும் ஆயிற்று. நெடுந்தீவுப் படகில் ஒரு மணி நேரம் உப்புக்காற்றும் அலைத்தூவலும் பட்டு நனைந்த சாரம், வெயில் நாளில் கரையேறிச் சற்று நடப்பதற்குள் காயத் தொடங்கிவிடும்.

மைதானத்திலும் காட்டிலும் மலையிலும் விளையாடுபவர்களுக்கு உடை வடிவமைப்பவர்கள் இன்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். காற்றுப் புக வேண்டும். சீக்கிரம் காய வேண்டும். கை கால் வீச இடம் வேண்டும். மடித்தால் பையில் இடத்தை அடைக்கக் கூடாது. விளையாட்டு முடிந்து அப்படியே கடைத்தெருவுக்குப் போனாலும் பார்வையாய் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் சாரம் எப்போதோ நிறைவேற்றிவிட்டது. அது பெரிய ஆச்சரியமில்லை, வெயில் ஊரில் வேலை செய்கிறவன் உடுத்துவது வெயிலுக்கு ஏற்றதாகத்தானே இருக்கும். ஆனால் அந்தச் சாரத்தில் இருக்கிற கட்டம் ஆபிரிக்கா போய், கரீபியன் தீவுகள் போய், அமெரிக்காவில் விளையாட்டு உடையாகவே ஆனது எப்படி என்பது தனிக் கதை. அதில் எங்கள் தீவுகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தத் தீவுகளின் கடற்பாதை பழையது. நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றி வந்தது உடைந்தால் ஆளுக்குப் பாதி. கப்பல் சட்டம் எழுதி வைக்கிற அளவுக்கு இந்தக் கரையில் போக்குவரத்து இருந்திருக்கிறது.

1613இல் ஒல்லாந்தர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பிடித்த கையோடு தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லெய்டன், குறிகட்டுவான் இருக்கும் புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் வரைபடத்தில் இன்னும் நிற்கிறது. ஊர்காவற்றுறையில் யானைகள் கப்பலேறின. பழவேற்காட்டில் துணி மூட்டைகள் கப்பலேறின. இரண்டும் ஒல்லாந்தரின் ஒரே வணிகக் கம்பனியின் சரக்கு.

இங்கிருந்து அக்கரைக்கு இன்னொன்றும் போனது. அது சாயவேர். கடற்கரை மணலில் தரையோடு படரும் சிறு செடி. அதன் மெல்லிய நீண்ட வேரின் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மணலில் விளைந்தால் நிறம் தூக்கும் என்பார்கள். சிப்பியும் சங்கும் பொடிந்து கிடக்கிற எங்கள் கரைகளுக்கு அது சொல்லி வைத்ததுபோல் பொருந்தியது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இந்த வேரைக் கிண்டி எடுப்பதையே தொழிலாகச் சுமந்த மக்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் அதைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தார்கள், சோழமண்டலக் கரைக்கும் அனுப்பினார்கள். நூலை எண்ணெயில் தோய்த்து, படிகாரம் ஏற்றி, வேரோடு வேகவைத்து எடுத்தால் வரும் சிவப்பு துவைக்கத் துவைக்கத் தெளியுமே தவிர வெளிறாது. சோழமண்டலத் துணியின் பேரெல்லாம் இந்தச் சாயத்தின் உறுதியால் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1958இல் தேவைப்படும்.

பழவேற்காட்டுக் கட்டத்துணி முதலில் கிழக்கே போனது. மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உடுத்தும் கட்டச் சாரத்துக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயர்தான். இலங்கைப் புடவைக்கடைகளிலும் ‘பளயகட்’ சாரம் என்று கேட்டால் கடைக்காரர் தயங்காமல் எடுத்துப் போடுவார்.

மேற்குப் பயணம் கொடுமையோடு கலந்தது. ஐரோப்பிய வணிகர் இந்தியக் கட்டத்துணியை மேற்கு ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். பழவேற்காட்டிலும் மதராசிலும் தறியில் குந்தியிருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் வாங்கிய ஆபிரிக்கர்கள் எதைக் கொடுத்தாலும் எடுக்கிறவர்கள் அல்ல. கட்டம் இன்ன அளவு, சிவப்பு இன்ன அழுத்தம் என்று கறாராக இருந்தார்கள். போலியை வாசனையிலேயே பிடித்தார்கள். நைஜர் ஆற்றுமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மதராஸ் என்று பெயர்பெற்ற இந்தக் கட்டத்துணியை வாங்கி, பெண்கள் கூரான கத்தியால் சில நூல்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிய கோலம் ஒன்றை வரவழைத்தார்கள். பெலெட்டெ பிட்டெ என்பது அந்தத் துணி. குழந்தை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் அவர்களுக்கு இந்தத் துணி வேண்டும். வடிவமைப்பு என்றால் வரைமேசையில் நடப்பது என்று நினைப்பவர்கள் இந்தப் பெண்களின் வேலையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவு விலைபோகிற சரக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? மான்செஸ்டரில் ஆபிரிக்கச் சந்தைக்கென்றே கட்டத்துணியைப் போலிசெய்து நெய்தார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 1785ஆம் ஆண்டளவில் பழவேற்காட்டுக் கைக்குட்டையை அதே பெயரில் நெய்து விற்கத் தொடங்கினார்கள். அந்த உறுதியான சிவப்பு மட்டும் கைக்கு வரவில்லை. பப்பிலோன் என்ற பிரெஞ்சுச் சாயக்காரரைத் தேடி அழைத்துவந்து, அதே காலத்தில் அங்கே சிவப்புச் சாயப்பட்டறை ஒன்றையும் போட்டார்கள்.

அத்திலாந்திக் கடல் தாண்டிய கட்டத்துணி தலையில் ஏறியது. மார்த்தினிக், குவாதலூப், சென் லூசியா, டொமினிக்கா தீவுகளில் கறுப்பினப் பெண்கள் மதராஸ் துணியைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். 1786இல் நியூ ஓர்லியன்ஸிலிருந்து ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மீரோ, நிறமுள்ள பெண்கள் கூந்தலை அலங்கரித்து வெளியே வரக்கூடாது, துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தாழ்த்துவதற்காகப் போட்ட உத்தரவு. அவர்கள் இருப்பதிலேயே பளிச்சென்ற துணிகளை எடுத்து உயரக் கட்டி அதையே அழகாக்கிக் காட்டினார்கள். இன்று அந்தக் கரீபியன் தீவுகளின் மரபு உடையே மதராஸ்தான்.

இதற்கிடையில் ஒரு பல்கலைக்கழகமும் துணி விற்ற காசில் பெயர் பெற்றது. மதராஸ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தத்தளித்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கு அனுப்பினார். காலிகோ, மஸ்லின் உள்ளிட்ட அந்தத் துணிகளை விற்றதில் ஏறத்தாழ 560 பவுண் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அந்த யேல் பல்கலைக்கழக மாணவர்கள் இருநூறு ஆண்டுக்குப் பிறகு மதராஸ் சட்டையைத் தங்கள் அடையாளமாக்கினார்கள் என்பதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

இனிச் சாயவேரின் கதைக்கு வருவோம். 1869இல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை இரசாயன முறையில் தயாரிக்கும் உரிமம் பெற்றார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. செயற்கைச் சிவப்பு வந்ததோடு சாயவேர் தோண்டுகிறவர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. எங்கள் மணலில் அந்தச் செடி இன்று வெறும் களை.

இப்போது 1958. கண்ணூர்க்காரரான கப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துவந்தார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர் அவர்தான். நியூயோர்க்கிலிருந்து வந்த வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி வணிகர் அவரிடம் மதராஸ் கட்டத்துணியைக் கண்டு மயங்கி, யார் ஒன்றுக்கு ஒரு டொலர் என்று பேசி வாங்கினார். தாவரச் சாயம், எள்ளெண்ணெய் வாசம். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் கழலும் என்று நாயர் சொல்லித்தான் கொடுத்தார். ஜேக்கப்சன் துணியைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடுப்புக் கடைக்கு விற்றபோது அதைச் சொல்ல மறந்துவிட்டார். சட்டை வாங்கியவர்கள் துவைக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். நீலம் சிவப்போடும் சிவப்பு மஞ்சளோடும் கலந்து, கட்டம் கலங்கி, கூடப்போட்ட வெள்ளை உடுப்பெல்லாம் நாசம். வழக்குப் போடும் அளவுக்குப் போய்விட்டது என்று நாயர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் அமெரிக்கா போனார். அங்கே ‘செவன்டீன்’ என்ற இளம்பெண்கள் இதழில் இந்தத் துணியைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் புதிய நிறம் காட்டும் இந்தியக் கைத்தறி அற்புதம் என்றது அது. சாயம் கழலும் என்பதற்கு உத்தரவாதம் தந்தே விளம்பரங்கள் வந்தன. கேட்டவர்களுக்குக் கொடுக்கச் சரக்குப் போதவில்லை.

சாயம் போகாது என்று முந்நூறு ஆண்டு பேரெடுத்த கரையின் துணி, சாயம் போகும் என்பதற்காகவே விலைபோனது! வேர்ச் சாயத்தின் பழைய முறை மறைந்ததையும், அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் பழசாய்த் தெரியும் உடுப்பை விரும்பியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தலைகீழ் விளங்கும். வெளிறிய மதராஸ் சட்டை என்றால் இவன் பல கோடைகளைக் கடலோரத்தில் கழித்தவன் என்று அர்த்தமாம். அப்படியே அது கோல்ஃப் மைதானத்துக்குள் காற்சட்டையாகவும் நுழைந்தது. குட்டை இழைப் பருத்தியில் நூற்ற, ஆங்காங்கே கணு தட்டும் மெல்லிய நூல், இடைவெளிவிட்ட நெசவு. வேகும் கோடையில் கம்பளியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கோல்ஃபிலிருந்து இன்னொரு விளையாட்டும் கிளைத்தது. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் தட்டெறி விளையாட்டுக்கு நிரந்தர மைதானம் அமைத்தார். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் பிறகு அவர் உருவாக்கிய சங்கிலிக்கூடை. இதுதான் டிஸ்க் கோல்ஃப். 1976இல் சங்கமும் அமைந்தது. பணக்காரர் கழகங்களுக்கு வெளியே, பொதுப் பூங்காக்களில், மரங்களுக்கிடையே நடந்து விளையாடுவது. உடுப்புக்கு அது வைக்கும் நிபந்தனையும் வேறு. தோளை முழுதாகச் சுழற்றி எறிவதால் அக்குளில் தையல் பிடிக்கக் கூடாது. முள்ளுக்குள் குனிந்து தட்டைத் தேட முழங்கால் மடிய வேண்டும். கோல்ஃபிடமிருந்து கட்டத்தையும் கழுத்துப்பட்டையையும் கடன் வாங்கி, மலையேறிகளிடமிருந்து இழுபடும் துணியை வாங்கி, ஒரு கலவையாகத்தான் இந்த உடுப்பு வளர்கிறது. டொரண்டோவில் டிஸ்க் கோல்ஃப் விளையாட விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஏரித்தீவிலேயே ஒரு மைதானம் உண்டு. படகேறித்தான் போக வேண்டும்.

இன்று விளையாட்டு உடையில் ஆட்சி செய்வது பொலியெஸ்டர். அதைப் பழிக்க நான் வரவில்லை. மழையிலும் குளிரிலும் பருத்தி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலை நடுக்கும். அங்கே செயற்கை இழைதான் உதவும். இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையிலிருந்து வருகிறது. 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி உடுத்திய சட்டை, கடலோரத்தில் சேகரித்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து எடுத்த இழையில் எம்.ஏ.எஸ் நிறுவனம் செய்தது. அதே நிறுவனத்தின் வானவில் தொழிற்சாலை கிளிநொச்சியில் இருக்கிறது. உலகத்துக்கு உடுப்புத் தைக்கும் கைகள் எங்கள் வடக்கிலேயே இருக்கின்றன. ஆனாலும் 35 பாகை வெயிலில் காற்று வீசும் கரையில் நாள் முழுதும் நிற்க வேண்டுமானால், இறுக்கமான பொலியெஸ்டரைவிடத் தளர்ந்த பருத்திக் கட்டத்துணிதான் சுகம் என்பது என் தீர்ப்பு.

புங்குடுதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் கனடா, சுவிஸ், பிரான்ஸ் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகளில் சிலர் ஆடை வடிவமைப்புப் படிக்கிறார்கள். விளையாட்டுக்கும் வெளியுலாவுக்கும் ஓர் உடை வரிசை தொடங்கும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், கட்டத்தை எங்கோ ஒரு அமெரிக்கப் பட்டியலில் தேட வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் பேர் வரலாற்றில் இருக்கிறது. நெய்தவர்களின், வேர் தோண்டியவர்களின் பேர் எங்கும் இல்லை. உங்கள் லேபிளில் நெய்த ஊரின் பெயரைப் போடுங்கள், நெசவாளருக்கு வடிவமைப்பின் பங்கையும் கொடுங்கள். கிழக்கே மருதமுனையில் கைத்தறிச் சாரம் இன்னும் நெய்கிறார்கள். முதல் ஓடரை அங்கே கொடுங்கள்.