இரண்டு கோடியும் ஒரு கொள்கலனும்: ஈழப் போரின் தொடக்கக் காலத் துவக்கு விலை பற்றி

ஈழ இயக்கங்களின் ஆயுதச் செலவை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். இயக்கத்தின் கையிலிருந்த பணத்தை வெளிச்சந்தையில் ஒரு துவக்கு விற்ற விலையால் வகுப்பார்கள். வந்து சேர்ந்த துவக்குகள் அந்த ஈவை விடக் குறைந்தால், மிச்சப் பணம் எங்கோ ஒழுகிவிட்டது என்பார்கள். இந்த வகுத்தலே பிழை என்பது என் வாதம். எஸ்.எல்.ஆர். போன்ற அரைத்தானியங்கித் துவக்குகளில் அந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது.

கணக்குக்கு ஆதாரமாக எடுக்கப்படுவது விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கத்தின் 'விடுதலை' (2003) நூலில் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எம்.ஜி.ஆரைப் பற்றி உள்ள கட்டுரை. 1984இல் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு இரண்டு கோடி இந்திய ரூபாய் கொடுத்தார் என்று அதில் வருகிறது. அன்றைய மாற்று வீதப்படி ஏறக்குறைய 17 லட்சம் டொலர். ஆய்வாளர்கள் இந்த எண்ணோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கட்டுரையோ அதற்குப் பிறகும் போகிறது. வெளிநாட்டில் வாங்கிய ஆயுதங்கள் கொள்கலனில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துவிட்டன. அதை வெளியே எடுக்க மறுபடியும் எம்.ஜி.ஆரிடமே போகவேண்டியிருந்தது. காசும் கொடுத்தாயிற்று, சரக்கும் கரை சேர்ந்தாயிற்று, ஆனாலும் துவக்கு இன்னும் வாங்கியவர் கைக்கு வரவில்லை. ஒரு முதலமைச்சர் தலையிட்டபிறகே வந்தது. அந்தத் தலையீட்டுக்கு ரூபாயில் விலை போட முடியாதுதான். அதற்காக அதைப் பூச்சியம் என்று எழுதிக்கொள்ளலாமா?

பூச்சியமல்ல என்பதற்கு அதே துறைமுகம் சாட்சி. மற்றோர் ஈழ இயக்கமான புளொட் தருவித்த ஆயுதக் கொள்கலன் அங்கேதான் பிடிபட்டது. சரக்குக்குக் கொடுத்த காசும் கப்பற்கூலியும் போயின, முகாமுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இயக்கங்கள் எல்லாவற்றுக்குமாகச் சராசரி விலை காண முனைபவர், தப்பி வந்த துவக்கின் தலையில் பிடிபட்டதன் செலவையும் ஏற்றியாக வேண்டும். அப்படி ஏற்றினால், 'ஒழுகிப்போன' பணத்தில் ஒரு பெரும்பங்கு எங்கே போனதென்று தெரிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

வழியிலேயே விலை ஏறும் இந்தக் கதை வன்னியில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. 2002 பெப்ரவரி 15இல் ஏ9 நெடுஞ்சாலை திறந்தபிறகு ஓமந்தையில் அரசின் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனையும் வரியும் இருந்தன. வவுனியாவில் ஏற்றிய சீமெந்துப் பை கிளிநொச்சிக் கடைக்குப் போகுமுன் இறக்கி ஏற்றிய கூலி, லொறி காத்துக்கிடந்த நேரம், வரி எல்லாம் அதன்மேல் ஏறிவிடும். கொழும்பு விலையை வைத்து அந்தப் பையின் விலையை எவரும் சொல்லமாட்டார்கள். துவக்குக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

இனி ரவை. எஸ்.எல்.ஆர். சுடுவது 7.62×51 மி.மீ. ரவை, ஏ.கே. வகையும் சீனத் தயாரிப்பான ரி-56உம் சுடுவது 7.62×39. முன்னதன் ரவை பின்னதில் ஏறாது. 1980களின் தொடக்கத்தில் இலங்கைப் படையினர் கையில் எஸ்.எல்.ஆர். இருந்தவரை அதன் ரவையை எதிரியிடமே எடுக்க முடிந்தது. 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையத்தை ரெலோ இயக்கம் தாக்கியது போன்ற தாக்குதல்களுக்கு இந்தக் கணக்கிலும் இடமுண்டு. இராணுவம் ரி-56க்கு மாறியதும் அந்த வழி அடைபடத் தொடங்கியது. இருபது ரவை கொள்ளும் ஒரு கூடு காலியானால் மறுபடி நிரப்ப வேண்டியவை கடல் கடந்து வரவேண்டும். வாங்கிய விலை மாறாமலே, வைத்திருக்கும் செலவு ஏறியது. கொள்வனவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

பாலசிங்கம் இருபதாண்டு கழித்து நன்றியுணர்வோடு எழுதியவர், எம்.ஜி.ஆரின் பங்கைப் பெரிதாக்கியிருப்பார் என்று சொல்லலாம். இருக்கலாம். இரண்டு கோடி என்ற எண்ணை நானும் ஒரு மதிப்பீடாகவே கொள்கிறேன். ஆனால் துறைமுக ஆபத்து உண்மை என்பதற்கு அவருடைய சொல் தேவையில்லை, புளொட்டின் இழப்பே போதும். டெல்லி ஆயுதங்களை இலவசமாகத்தானே கொடுத்தது என்ற மறுப்பு அதைவிடப் பலவீனமானது. 1986 நவம்பர் 8இல் தமிழ்நாட்டுப் பொலிசார் ஒரே நாளில் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். அவை பின்னர் திரும்பக் கிடைத்தது வேறு கதை. பறிக்கக்கூடிய நிலத்தில் வைத்திருந்த ஆயுதத்தை இலவசம் என்று கணக்கெழுத முடியாது.

1997 மே 13இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, புளியங்குளத்தில் மாதக்கணக்கில் சண்டை நடந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே 7.62×39 ரவையைச் சுட்டன. கைவிடப்பட்ட காவலரணில் கிடந்த ரவைப்பெட்டி, அதைக் கைப்பற்றியவனின் துவக்குக்கு அப்படியே பொருந்தியது. அந்தத் துவக்கு எந்தச் சந்தையில் என்ன விலைக்கு வாங்கப்பட்டதென்பது அங்கே பொருட்டாக இருக்கவில்லை. 1984க்கும் 1997க்கும் ஒரே விலையை வைத்துப் போட்ட எந்தக் கணக்கையும் இந்த ஒரு வேறுபாட்டை உள்ளே எடுத்து முதலிலிருந்தே மறுபடி போடவேண்டும்.