ஹெல்மெட்டுக்குள் ஒரு டென்மார்க் ராஜா

அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் டூவீலர் ஓட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். அய்யம்பேட்டை தாண்டியாகிவிட்டது. கணவர் ஓட்டுகிறார், பின்னால் மனைவி. இருவர் தலையிலும் ஹெல்மெட்.

''என்னங்க... ரோட்டுல நெல்லு கெடக்கு, பாத்துப் போங்க!''

''என்னது? பல்லு வலிக்குதா?''

''அய்யோ, நெல்லுங்க... நெல்லு!''

அதற்குள் முன் சக்கரம் நெல்லில் ஏறி வழுக்கிவிடுகிறது. நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மறுநாளிலிருந்து அந்த அம்மாவின் ஹெல்மெட் தலையில் இல்லை, கை முட்டியில் தொங்குகிறது. ''போட்டா ஒண்ணுமே கேக்கலைங்க!'' ஐயா என்ன செய்கிறார்? யாராவது போன் செய்தால் செல்போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே பாபநாசம் வரை பேசிக்கொண்டு போகிறார்.

தலையைக் காப்பாற்ற வந்த கவசம் காதை அடைத்துவிட்டது. காதுக்காகத் தலையைப் பணயம் வைக்கிறோம். இதற்கு விடையாக வந்ததுதான் ஹெல்மெட் இன்டர்காம். அதன் கதையைப் பின்னோக்கித் துரத்திக்கொண்டே போனால், கடைசியில் நம்ம தரங்கம்பாடி கடற்கரைக்கே வந்து நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் ஹெல்மெட். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் தப்பிப் பிழைத்த அந்த நிஜ லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்கத் தன் மோட்டார் சைக்கிளை ஒடித்தார். தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனசை விட்டுப் போகவில்லை. போர்க்காலத்தில் செய்தி கொண்டுபோகும் ராணுவ பைக் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். அந்த வருட நவம்பரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆகிவிட்டது!

நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2007-ல் கட்டாயம் என்றார்கள், கடைகளில் கூட்டம் அலைமோதியது, அப்புறம் பிசுபிசுத்தது. 2015 ஜூலை 1 முதல் ஐகோர்ட் உத்தரவால் மறுபடி கட்டாயம். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். அப்போதெல்லாம் எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் 'காது கேக்கலை'யும் ஒன்று. அதைச் சாக்குப்போக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன்.

இதே பிரச்னை விமானத்தில் முதலில் வந்தது. திறந்த விமானத்தில் இருக்கும் வாத்தியார், மாணவனுக்கு எப்படிச் சொல்வது? 1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் ஸ்மித்-பேரி என்பவர் ஒரு ரப்பர் குழாயை வைத்தே சமாளித்தார். ஒரு முனை வாத்தியார் வாயில், மறுமுனை மாணவனின் தோல் தொப்பியில், காதுப் பக்கம். மின்சாரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஹெல்மெட் இன்டர்காமின் கொள்ளுத்தாத்தா அந்தக் குழாய்தான்.

பைக்குக்கு வெகு காலம் ஒயர்தான் இருந்தது. வண்டியை விட்டு இறங்கும்போது ஒயரைக் கழற்ற மறந்தால் தலை பின்னால் இழுக்கும்! 2004-ல் இஸ்ரேலின் கார்டோ நிறுவனம் ப்ளூடூத் ஹெல்மெட் கருவியைக் கொண்டுவந்த பிறகு ஒயர் மெல்ல விடைபெற்றது.

ப்ளூடூத் என்றதும் ஹாலிவுட் அழகி ஹெடி லமார் பெயரை யாராவது இழுப்பார்கள். 1942-ல் அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் ஒரு காப்புரிமை வாங்கியது நிஜம். நீர்மூழ்கிக் குண்டுக்குப் போகும் ரேடியோ சிக்னலை எதிரி கெடுக்காமல் இருக்க, தானாக வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள் மாதிரி ஒன்றை வைத்து, அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும் யோசனை. பியானோ கட்டைகள் போலவே 88 அலைவரிசை! கடற்படை அதை அப்போது கண்டுகொள்ளவில்லை. 'ப்ளூடூத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான்' என்பது கொஞ்சம் ஓவர். ஆனால் யோசனை அதே ஜாதிதான். ப்ளூடூத் 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1,600 தடவை தாவுகிறது.

சரி, 'நீலப்பல்' என்று ஏன் பெயர்? 985-ல் நம் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் டென்மார்க்கில் ஒரு ராஜா கண்ணை மூடினார். ஹரால்டு, பட்டப்பெயர் நீலப்பல். சிதறிக் கிடந்த டேனிஷ் மக்களை ஒன்றாக்கிய பெருமையைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனவர். கல்வெட்டு ஆசை அங்கேயும் இருந்திருக்கிறது! சிதறிக் கிடக்கும் கருவிகளைச் சேர்க்கும் நுட்பத்துக்குத் தற்காலிகமாக அந்தப் பெயரை 1997-ல் சொன்னவர் இன்டெல் இன்ஜினீயர் ஜிம் கார்டாக். வேறு பெயர் அமையாததால் அதுவே நிலைத்தது. அந்தச் சின்னமும் அவருடைய இனிஷியல்தான், பழைய ரூன் எழுத்துகளில்.

ஹரால்டின் சின்னம் நம் பாக்கெட்டுக்கு வரும் முன்பே அவர் தேசத்துக்காரர்கள் டெல்டாவுக்கு வந்துவிட்டார்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் கடிதமும் அனுப்பினார். அந்த ஓலை ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் போனது. இன்றும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டை மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. தஞ்சையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பைக்கில் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

நண்பர்களோடு நாலைந்து வண்டியில் போகிறீர்களா? பழைய ப்ளூடூத் இன்டர்காம்கள் சங்கிலி போல. நடு ஆள் பின்தங்கினால் கடைசி ஆளுக்குக் குரல் போகாது. வாய்க்கால் நடுவில் அடைத்துக்கொண்டால் கடைமடை காய்கிற கதைதான். இப்போது 'மெஷ்' வகை வந்திருக்கிறது. ஒரு வழி அடைத்தால் குரல் இன்னொருவர் கருவி வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும். பின்னால் இருக்கும் மனைவியோடு பேச அதெல்லாம் தேவையில்லை, சாதாரணமானதே போதும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. உள்ளே இருக்கும் கன்னத்துப் பஞ்சைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்கு நேராக உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளினாலும் பாதிச் சத்தம் போய்விடும். முழு முக ஹெல்மெட் என்றால் பட்டன் மைக், முகம் திறந்தது என்றால் குச்சி மைக். காற்றைத் தடுக்கும் அந்தச் சின்ன ஸ்பாஞ்சைத் தொலைத்துவிடாதீர்கள். கருவி இடது பக்கம்தான், வலது கை ஆக்ஸிலேட்டரை விடக்கூடாது அல்லவா? முக்கியமாக ஒன்று. இடம் போதவில்லையென்று உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அடி விழும்போது நசுங்கி உங்கள் மண்டையைக் காப்பாற்றுவது அதுதான். சத்தத்தையும் பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்கிற அளவோடு நிறுத்துங்கள். போன் வந்தால் ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் பின்னால் இருப்பவரை 'நெல்லு' என்று சொல்லச் சொல்லுங்கள். 'பல்லு' என்று கேட்டால் மைக்கைக் கொஞ்சம் வாய்ப் பக்கம் நகர்த்துங்கள்.