உயர் மின்னழுத்த மின்கலத் தொகுதிகளில் முனை இணைப்பு

தனித்தனி மின்கலங்களின் நேர்முனைகளையும் எதிர்முனைகளையும் பஸ்பார் எனும் உலோகப் பட்டை, கேபிள், வெல்டிங் ஆகியவற்றால் கோத்து, நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் ஒரே தொகுதியாக்கும் வேலை முனை இணைப்பு எனப்படும். வண்டிகளில் 60 வோல்ட்டுக்கு மேல் 1500 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் உயர் மின்னழுத்தம் என்று ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 100ஆம் எண் விதி வகுத்துள்ளது. மாறுமின்சாரமானால் இந்த எல்லை 30 வோல்ட்டிலேயே தொடங்கிவிடும். இந்தியாவின் ஏ.ஐ.எஸ்.-038 தரநிலை இவ்விதியை அடியொற்றியது. மின்சாரக் கார், பேருந்து தவிர, தரவு மையங்களின் யு.பி.எஸ்., துணைமின் நிலையங்களின் 110, 220 வோல்ட் பேட்டரி அறைகள், சூரிய மின் நிலையங்களின் சேமிப்புக் கொள்கலன்கள் ஆகியவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது.

மற்ற மின்வேலைகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. வீட்டிலோ ஆலையிலோ மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் கம்பியில் மின்சாரம் இராது. அதன்பின் நிம்மதியாகக் கை வைக்கலாம். பேட்டரிக்கு மெயின் சுவிட்ச் இல்லை. கலம் ஆலையை விட்டு வரும்போதே மின்னேற்றத்தோடு வருகிறது. முனைகளைக் கோக்கக் கோக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. முதல் பஸ்பாரை மாட்டும்போது 3 வோல்ட்டைத் தொட்ட தொழிலாளி, கடைசிப் பஸ்பாரை மாட்டும்போது 400 வோல்ட்டின் முன்னால் நிற்கிறார். இத்துறையின் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவை.

அழுத்தமும் அடுக்கும்

ஈய அமிலக் கலம் ஒன்று 2 வோல்ட் தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் 3.2 வோல்ட்; நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் கலம் 3.6 முதல் 3.7 வோல்ட். தொடரில் கோத்தால் அழுத்தம் கூடும். பக்க இணைப்பில் கோத்தால் கொள்ளளவு கூடும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் 7.2 வோல்ட் தரும் 28 நிக்கல் உலோக ஹைட்ரைடு அடுக்குகள் தொடரில் நின்று 201.6 வோல்ட் தந்தன. 2010இல் வந்த நிசான் லீஃப் காரில் 192 கலங்கள், இரண்டிரண்டாகப் பக்கத்தில் சேர்ந்து 96 படிகளாகத் தொடரில் நின்றன. டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட் மணித் தொகுதியிலும் 96 படிகள்தான். ஆனால் ஒரு படிக்கு 74 உருளைக் கலங்கள், ஆக மொத்தம் 7104. 2019இல் வெளிவந்த போர்ஷே டைக்கான் 800 வோல்ட் வகுப்புக்குத் தாவியது. அழுத்தத்தை இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். இணைப்புகளில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒன்றாகக் குறையும்.

தொடும் இடத்தின் மின்தடை

இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அவை உண்மையில் தொடுவது சில மேடுகளில் மட்டும்தான். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு புள்ளிகளின் வழியாகக் குறுகிப் பாய வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் பிறந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றைய இணைப்புப் பொறியியலுக்கு அவருடைய கணக்கே அடித்தளம். அழுத்திப் பிடிக்கும் விசை கூடினால் மேடுகள் நசுங்கிப் புள்ளிகள் பெருகும், தடை குறையும். பஸ்பாரின் அகலத்தைக் காட்டிலும் போல்ட்டின் இறுக்கம் முக்கியமாவது இதனால்தான்.

ஒரு முனையில் தடை 0.1 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே 4 வாட் வெப்பம் பிறக்கும்; தொல்லையில்லை. தளர்ந்தோ அழுக்கேறியோ அதே முனை 1 மில்லி ஓமுக்கு ஏறினால் 40 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் வெப்பம் இது. கலத்தின் பிளாஸ்டிக் மூடிக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் மணிக்கணக்கில் நிற்கிறது. சூடு ஏற ஏற உலோகம் துருவேறி, தடை மேலும் ஏறும். இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கோளாறு என்பதால், பெரிய தொகுதிகளில் முனைகள் மெல்ல மெல்லக் கெட்டு ஒருநாள் திடீரென்று எரிந்ததுபோலத் தோன்றுகின்றன.

அலுமினியம் இதில் தனிச் சிக்கல். காற்றுப் பட்ட மறுகணமே அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடுப் படலம் படர்ந்துவிடும். சதுர வடிவ லித்தியம் கலங்களின் முனைகள் பெரும்பாலும் அலுமினியம். பஸ்பாரோ பெரும்பாலும் செம்பு. ஈரம் சேர்ந்தால் இந்த இரண்டு உலோகங்களுக்கு இடையே மின்வேதி அரிப்பும் தொடங்கும். ஆகவே செம்புக்கு நிக்கல் அல்லது வெள்ளீய முலாம் பூசுகிறார்கள். அலுமினியப் பரப்பை மாட்டுவதற்குச் சற்று முன்னால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். முந்தைய நாளே தேய்த்து வைப்பது வீண்வேலை.

வாஷர் வைக்கும் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். பஸ்பாரோ கேபிள் நுனியின் லக்கோ முனையின்மேல் நேராக உட்கார வேண்டும். வாஷர் அதற்கு மேலே, நட்டுக்கு அடியில் வர வேண்டும். துருப்பிடிக்காத எஃகின் தடைத்திறன் செம்பைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். அந்த எஃகு வாஷர் முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில் புகுந்தால் மின்னோட்டத்தின் பாதையையே அடைத்துவிடும். போல்ட்டின் வேலை பிடிப்பது மட்டும்தான்; மின்சாரத்தைக் கடத்துவது பரப்பும் பரப்பும் தொடும் இடம்.

இறுக்கத்தை டார்க் ஸ்பேனரால்தான் அளக்க வேண்டும், கைப்பழக்கத்தால் அல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பு விசையாக மாறுகிறது. மீதி திருகுப் புரியிலும் நட்டின் அடியிலும் உராய்வில் போய்விடும். புரியில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் பிடிப்பு எகிறும். அலுமினியப் புரி உரிந்துகொண்டு வரும். கலத்தின் உற்பத்தியாளர் உலர்ந்த புரிக்கு எண் கொடுத்திருக்கிறாரா, எண்ணெயிட்ட புரிக்கா என்று பார்க்காமல் இறுக்கும் பழக்கத்தால் பாழான கலங்கள் ஏராளம். இறுக்கிய பின்னும் முனை சும்மா இருப்பதில்லை: மின்னேற்றத்தின்போது கலம் உப்பி, இறக்கத்தின்போது சுருங்கும். விறைப்பான பஸ்பார் அந்த அசைவை முனையின்மேல் திணிக்கும். மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த, நடுவில் வளைவுள்ள பஸ்பாரும், பிடிப்பைத் தக்கவைக்கும் கூம்பு வாஷரும் இதற்காகவே வந்தவை.

போல்ட்டும் வெல்டிங்கும்

கலங்களின் மட்டத்தில் கார் ஆலைகள் இன்று பெரும்பாலும் போல்ட்டைக் கைவிட்டுவிட்டன. சதுரக் கலங்களுக்கு லேசர் வெல்டிங், சிறு உருளைக் கலங்களுக்கு நிக்கல் பட்டையைப் புள்ளி வெல்டிங்கில் பதிப்பது, அல்லது மீயொலியால் மெல்லிய அலுமினியக் கம்பியை ஒட்டுவது. டெஸ்லா மாடல் எஸ் தொகுதியில் ஒவ்வொரு கலத்துக்கும் இத்தகைய கம்பி உண்டு. ஒரு கலம் உள்ளே குறுக்குச்சுற்றானால் அந்தக் கம்பியே ஃபியூஸ்போல உருகி அதைக் கழற்றிவிடும். வெல்டிங் தளராது. ஆனால் ஒரு கலம் கெட்டால் முழு அடுக்கையும் தூக்கிப்போட வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலாளியின் பார்வையில் போல்ட்டே நல்லது என்பேன். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் மட்டும். கவனிப்பில்லாமல் பத்தாண்டு ஓடிய பழைய பிரியஸ் கார்களைத் திறந்தால், செம்புப் பட்டைகளில் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறியிருப்பது வழக்கமான காட்சி. கலங்கள் நன்றாகவே இருக்க, களிம்பு காட்டும் பொய்யான அளவால் ‘பேட்டரி போச்சு’ என்ற எச்சரிக்கை வருவதுண்டு.

இணைக்கும் வரிசை

12 வோல்ட் காரில் எதிர்முனையை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த பாடம். அங்கே எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பதால் அந்த விதி. உயர் மின்னழுத்தத் தொகுதியில் இரண்டு முனைகளும் உடலிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கும். எனவே அந்தப் பாடம் இங்கே செல்லாது. 100ஆம் விதியின்படி நேர்மின்சாரச் சுற்றுக்கும் உடலுக்கும் இடையே காப்புத்தடை ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் வேண்டும். 400 வோல்ட்டுக்கு 40 கிலோ ஓம். ஒரு முனையைத் தொட்டால் உடனே அதிர்ச்சி வராது என்பதே சிலருக்கு அசட்டுத் துணிச்சலைத் தந்துவிடுகிறது. மற்ற முனை எங்கேனும் உடலில் கசிந்திருந்தால் அந்த முதல் தொடுதலே போதும்.

இங்கே பின்பற்றும் நெறி வேறு. தொகுதியை 60 வோல்ட்டுக்கு உட்பட்ட துண்டுகளாகப் பிரித்துக் கோத்து, துண்டுகளுக்கு இடையிலான இணைப்புகளைக் கடைசிக்கு ஒத்திவைப்பார்கள். தொடரின் நடுவில் கையால் பிடுங்கக்கூடிய சேவை இணைப்பு ஒன்று இருக்கும். எல்லா வேலையும் முடிந்து, மூடிகளும் பூட்டிய பிறகே அது உள்ளே போகும். நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பிடுங்கினால் தொகுதி இரு பாதிகளாகி, ஒவ்வொன்றிலும் பாதி அழுத்தமே மிஞ்சும். அந்தப் பாதியும் 200 வோல்ட் என்பதை மறக்கக் கூடாது. மாட்டிய முனைக்கு உடனே பிளாஸ்டிக் உறை போட்டுவிட வேண்டும். திறந்த முனைகள் எந்நேரமும் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது.

கலங்களின் அழுத்தத்தைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகைக்கு 96 படிகளுக்குக் குறைந்தது 97 உணர்கம்பிகள் போகும். பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இவற்றை மாட்ட வேண்டும். எதிர்முனையில் தொடங்கி வரிசையாக ஏறி, அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே ஒரே ஒரு கலத்தின் அழுத்தம் தெரிகிறதா என்று மீட்டரால் பார்த்த பிறகே செருகியைப் பலகையில் குத்தலாம். உணர்கம்பிகள் சரியாக இருந்தும் பலகை எரியலாம்: சுமை ஓடும்போது ஒரு பஸ்பார் விட்டுப்போனால், தொகுதியின் மொத்த அழுத்தமும் அந்த இடைவெளியின் இருபுறமும் உள்ள இரு மெல்லிய உணர்கம்பிகளுக்கு இடையே வந்து நிற்கும். எரிந்த பி.எம்.எஸ். பலகையை மாற்றும் முன்னர் பஸ்பாரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு தொடர்களைப் பக்கத்தில் சேர்க்கும்போது அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். 10 வோல்ட் வேறுபாடும் 0.05 ஓம் தடையும் இருந்தால், சுமையே இல்லாமல் 200 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். இன்வெர்ட்டரை மாட்டும்போதும் இதே கதை: அதன் மின்தேக்கி காலியாக இருந்தால், 0.1 ஓம் பாதையில் 400 வோல்ட் ஒரு கணம் 4000 ஆம்பியரைத் தள்ளப் பார்க்கும்; தொகுதியைச் சுற்றோடு இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் முகங்கள் ஒட்டிக்கொள்ளும். முன்மின்னேற்றத் தடை ஒன்றின் வழியாக முதலில் மின்தேக்கியை நிரப்பிவிட்டுப் பிறகே முதன்மைக் கான்டாக்டரை மூடுவார்கள். 50 ஓம் தடையும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் என்றால் கால் நொடியில் வேலை முடிந்துவிடும்.

மின்வில்

அதிகக் கலங்களை அடுக்கியவர்கள் முதலில் கண்ட அற்புதமும் ஆபத்தும், இடைவெளியைத் தாண்டி ஒளிர்ந்து பாயும் மின்வில்தான். வோல்டா தன் அடுக்கை அறிவித்தது 1800இல். இரண்டே ஆண்டுகளில், 1802இல், ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க்கில் வசீலி பெட்ரோவ் செம்பும் துத்தநாகமுமாக 4200 தகடுகளை அடுக்கி, இரு கரித்துண்டுகளுக்கு இடையே கண்கூசும் ஒளியை எழுப்பினார். அளவி இல்லாத அக்காலத்தில் மின்சாரத்தை உணர அவர் விரல்நுனித் தோலைச் சீவிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால் அதன் வில் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அந்த இடைவேளை இல்லை. ஓடும் சுமையின்போது முனையைக் கழற்றினால் வில் நீண்டுகொண்டே வரும். மாறுமின்சாரத்துக்கான எம்.சி.பி.யை 400 வோல்ட் பேட்டரியில் போடுவது, பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பவைக்கும் ஏமாற்று. ஃபியூஸ், பிரேக்கர் இரண்டிலும் நேர்மின்சாரத்துக்கான வோல்ட் அளவு தனியே அச்சிட்டிருக்க வேண்டும்.

அழுத்தம் குறைந்த ஒற்றைக் கலமும் சாதுவன்று. உள்தடை 0.5 மில்லி ஓம் உள்ள 3.2 வோல்ட் கலத்தின்மேல் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் 6000 ஆம்பியருக்கு மேல் பாயலாம். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல.

கருவியும் சோதனையும்

ஐ.இ.சி. 60900 தரநிலைப்படி 1000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கும் 1500 வோல்ட் நேர்மின்சாரத்துக்கும் சான்று பெற்ற காப்புக் கருவிகள், 0 வகுப்பு ரப்பர் கையுறை, முகக்கவசம் இவை குறைந்தபட்சத் தேவை. டேப் சுற்றிய ஸ்பேனர் காப்புக் கருவி ஆகாது. வண்டியில் சேவை இணைப்பைப் பிடுங்கிய பிறகு இன்வெர்ட்டரின் மின்தேக்கி வடிய உற்பத்தியாளர் சொல்லும் 5 முதல் 10 நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு மீட்டரை அறிந்த மின்மூலத்தில் சோதித்து, முனைகளை அளந்து, மறுபடியும் அதே மூலத்தில் சோதிக்க வேண்டும். செத்த மீட்டரும் சுழிதான் காட்டும்.

இணைத்து முடித்த பின் கண்ணால் பார்ப்பது சோதனையன்று. சுமையை ஓடவிட்டு, கலத்தின் முனைக்கும் பஸ்பாருக்கும் இடையே மில்லிவோல்ட் இறக்கத்தை முனைமுனையாக அளக்க வேண்டும். வெப்பப் படமியால் பார்த்தாலும் தவறிய முனை பளிச்சென்று தெரியும். 200 ஆம்பியரில் எல்லா முனைகளும் 20 மில்லிவோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 60 காட்டினால் அதை மேலும் இறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பது தவறு. தொகுதியைத் துண்டித்து, அந்த முனையைக் கழற்றி, இரு பரப்புகளையும் தேய்த்துத் துடைத்து, உரிய முறுக்கில் புதிதாக மாட்டி, மறுபடியும் அளக்க வேண்டும்.