துணைக்கு இருத்தல்

தென்காசியில் 'நர்சிங் ஹோம்' எங்கே என்று வினவினால் எவரும் முதியோர் இல்லத்திற்கு வழிகாட்டமாட்டார். சில படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைக்கே நம் பக்கத்தில் அப்பெயர். மேலைநாடுகளில் அதே சொல், முதியோர் நெடுங்காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லத்தைக் குறிக்கும். சொல் இடம் மாறியது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் அதனுள் ஒரு வரலாறு மறைந்திருக்கிறது.

நம்முடைய நர்சிங் ஹோமில் நோயாளி தனியே படுப்பதில்லை. "துணைக்கு யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுத்தான் சேர்த்துக்கொள்வர். கட்டிலருகே பாய் விரித்துக் கிடப்பதும், தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவதும், மருந்துச் சீட்டோடு ஓடுவதும், நள்ளிரவில் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் குடும்பத்தார் பணி. செவிலியர் போதாமையால் விளைந்த ஏற்பாடு இது என்று குறைகூறுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. எனினும் நிறுவனமும் குடும்பமும் ஒரே கட்டிலின் இருபுறம் நிற்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதே மூதாட்டி முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டால், நேற்றுவரை துணைக்கு இருந்த மகள் இன்று 'பார்வையாளர்' ஆகிவிடுகிறாள். இது எவ்வாறு நேர்ந்தது?

இல்லங்கள் யாருக்காகத் தோன்றின என்பதில் விடை இருக்கிறது. சென்னையில் 1812-இல் தொடங்கிய 'ஃப்ரெண்ட்-இன்-நீட் சொசைட்டி' வறிய ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் புகலிடமாயிற்று. பிரான்சில் ழான் ஜுகான் 1839-இல் பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்திற்குக் கொணர்ந்து தம் படுக்கையையே அளித்ததிலிருந்து வளர்ந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை, 1882-இல் கல்கத்தாவுக்கு வந்தது. சாவித்திரி வைத்தி 1978-இல் சென்னையில் நிறுவிய 'விஷ்ராந்தி'யும் கைவிடப்பட்ட முதிய பெண்களுக்கானதே. அருஞ்செயல்கள்தாம், ஐயமில்லை. ஆனால் இவை யாவும் யாருமற்றவர்களை மனத்திற்கொண்டு எழுந்தவை. யாருமற்றவருக்குக் கட்டிய வீட்டில் உறவினர் வந்து அமர இடம் எதற்கு? பிற்காலத்தில், பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்க, மாதக் கட்டணம் செலுத்தி வாழும் முதியோர் பெருகினர். குடியிருப்போர் மாறினர், கட்டடத்தின் மனப்போக்கு மட்டும் மாறவில்லை.

சட்டத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகைக்கு வழி செய்தது, பெற்றோரைக் கருதவில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவே அவர்களையும் சேர்த்தது. அதிலும் மாதம் 500 ரூபாய்க்கு மிகாமல் என்ற வரம்பு 2001 வரை நீடித்தது! விஜயா மனோகர் அர்பாட் வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம், மணமான மகளுக்கும் இக்கடமை உண்டெனத் தீர்ப்பளித்தது. பின்னர் வந்தது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம்; கைவிட்டால் மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்; மாவட்டந்தோறும் வறியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமையலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், நம் முதியவர் மேல்முறையீட்டுக்குத் திருநெல்வேலி ஆட்சியரிடம் செல்ல வேண்டியதில்லை.

இச்சட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. எழுதிக்கொடுத்த வீட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டவர்க்கு அது பேருதவி. ஆயினும் அதன் கண்ணுக்குத் தெரிபவர் இருவரே: பணம் தராத பிள்ளை, கைவிட்ட பிள்ளை. கட்டணத்தை முதல் தேதியே அனுப்பிவிட்டு ஆண்டுக்கொரு முறை வரும் பிள்ளை அதன் பார்வைக்கு அப்பாற்பட்டவர். அடிக்கடி வர விரும்பியும் இல்லத்தின் விதிகளால் வாசலோடு நிற்கும் பிள்ளையும் அவ்வாறே. (தமிழக அரசு முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் இல்லங்களை அமைத்தது. பேரப்பிள்ளை இல்லாத குறையை அரசே நிரப்ப முயன்றது போலும்.)

குடும்பத்தார் வருகை உபசாரமன்று, பராமரிப்பின் ஓர் உறுப்பு என்பதைப் பெருந்தொற்றுக் காலம் உலகுக்கு உணர்த்தியது. நெதர்லாந்து 2020 மார்ச்சில் நாடு முழுவதும் முதியோர் இல்லங்களில் பார்வையாளரைத் தடைசெய்தது. மே மாதத்திலேயே 26 இல்லங்களில், ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என்ற அளவில், சோதனை முயற்சியாகக் கதவைத் திறந்தது. அம்மாதங்களில் நோய்க்கு அஞ்சிய அதே அளவு தனிமைக்கும் அங்கே அஞ்சினர். இல்லப் பணியாளர் எத்துணை அன்புடையவராயினும், அம்மா இடப்பக்கம் சாய்ந்தே உறங்குவார், வெந்நீர் பதமாக இல்லாவிடில் மாத்திரை விழுங்கமாட்டார் என்பன போன்றவை மகளுக்குத்தான் தெரியும். நினைவு குன்றியவர்க்கு அந்த அறிவே மருந்திற்கு ஈடு.

குற்றாலமும் முதுமையும் என்றதும் இலக்கிய அன்பர்க்கு நினைவில் எழுபவர் ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை அவருடைய பிற்காலம் குற்றாலத்தில் கழிந்தது. ராஜாஜியும் கல்கியும் உட்பட நண்பர்கள் அவரை நாடி வந்தவண்ணம் இருந்தனர். சொந்த வீடும் பேர்பெற்ற நட்பும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் அவ்வீட்டில் வந்தவர் எவரும் பார்வை நேரம் முடிந்ததென எழுப்பப்படவில்லை.

இன்றும் சாரல் தொடங்கினால் வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, ஈரத்தலை உலருமுன் இல்லத்து வாசலில் இறங்குகிறார்கள். நாம் அறிந்த சில இல்லங்களில் முன்கூடத்து நாற்காலிவரைதான் அவர்களுக்கு அனுமதி; மாலை ஆறு மணிக்கு மணியடிக்கும். வீட்டுப் பண்டம் உள்ளே செல்லாது. இவற்றுட் சில உடல்நலம் கருதியவை. மற்றவை வழக்கத்தால் நீடிப்பவை. தாயின் அறைக்குள் சென்று தலைவாரிவிடவும், நகம் வெட்டவும், இரவுணவை ஊட்டவும், உடல் நலிந்த நாளில் கட்டிலருகே பாய் விரிக்கவும் மகளுக்கு இடமளித்தால் இல்லத்தின் ஒழுங்கு எவ்வாறு குலையும் என்பது நமக்கு விளங்கவில்லை. அதே ஊரின் நர்சிங் ஹோமில் அவள் இவை அனைத்தையும் செய்திருக்கிறாள்.