வானொலியும் வாக்குறுதியும்

ஏற்காட்டைப் பற்றி எழுதப் புறப்படுகிறவர்கள் ஏரியில் ஆரம்பித்து, லேடீஸ் ஸீட்டில் சற்று இளைப்பாறி, காப்பித் தோட்டத்தில் கொண்டுபோய் முடிப்பது வழக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சேர்வராயன் மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத பெருமை. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். கீழே சேலத்துச் சமவெளியோ 300 மீட்டருக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், குறுக்கே வேறு மலை நிற்காத திசைகளில், உச்சியிலிருந்து புறப்படும் வி.எச்.எஃப். வானொலி அலை சுமார் 150 கிலோமீட்டர் வரை நேராகப் பாயும். ஆகவே, பொழுதுபோக்காக வானொலி பழகும் அமெச்சூர் அன்பர்களுக்கு உயரமான எந்த மலையும் ஒரு க்ஷேத்திரம்தான். சேர்வராயன் மலை அதில் ஒன்று.

இந்த அன்பர்கள் முன்பெல்லாம் மலை ஏறும்போது பெட்டியும் பாட்டரியும் கம்பிச் சுருளும் சுமந்து செல்வார்கள். இப்போது ஒரு மடிக்கணினியும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கருவியும் போதும். சுமை குறைந்துவிட்டது, ஆனால் சண்டை ஒன்று கூடியிருக்கிறது. அந்தக் கணினியில் எந்த லினக்ஸைப் போடுவது என்பதுதான் சண்டை. டெபியன் என்பார் ஒருவர், உபுண்டு என்பார் இன்னொருவர், ஃபெடோரா என்பார் மூன்றாமவர். வடகலை தென்கலை வழக்கைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது. கதை எழுதுகிறவனுக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதற்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் ஒளிந்திருக்கிறது என்பதுதான் என் பதில்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியோவில் அலையைப் பிடிப்பது, பிரிப்பது, பேச்சாக மாற்றுவது எல்லாமே சுருளும் வால்வும் செய்த வேலை. புதிய முறையில், கருவி அலையைப் பிடித்து எண்களாக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. வினாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள். மீதி வேலையைக் கணினியில் உள்ள மென்பொருள் செய்கிறது. டெலிவிஷன் பார்ப்பதற்காகச் செய்த ஒரு மலிவான துண்டுக் கருவியை இப்படி ரேடியோவாக்கலாம் என்று 2012ல் சில லினக்ஸ் அன்பர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றுமுதல், ஆயிரக்கணக்கில் பணம் கொட்ட முடியாத கல்லூரிப் பையனுக்கும் இந்த உலகம் திறந்துவிட்டது. கேட்பதற்குத்தான், பேசுவதற்குப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கவேண்டும்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கியது சர்க்கார் அல்ல, அமெச்சூர்கள்தாம். 1924ம் வருஷம் மே மாதம் 16ந் தேதி சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ‘மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஜூலை 31ந் தேதியே அதன் குரல் காற்றில் ஏறிவிட்டது. முதலில் 40 வாட் சக்தியுள்ள யந்திரம். பிறகு 200 வாட். மாலை வேளைகளில் சங்கீதமும் பிரசங்கமும் நடந்தன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரிய கம்பெனி ஒலிபரப்பு 1927ல்தான் ஆரம்பமாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மனிதர்களின் உற்சாகம் விளங்கும்.

ஆனால் அதே 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. காரணம் யந்திரக் கோளாறு அல்ல. ஒலிபரப்பத் தெரிந்தவர்கள் இல்லாமற் போனதும் அல்ல. பணமுடை. ஆரம்பிக்கும் உற்சாகம் இருந்தது. நாள்தோறும் நடத்துவதற்கு ஆதாரம் இல்லை. நல்ல வேளையாக, யந்திரம் சென்னை நகரசபையின் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் முதல் தேதி நகரசபை ஒலிபரப்பைத் தொடங்கி, எட்டு வருஷம் விடாமல் நடத்தியது. 1938 ஜூன் 16ந் தேதி அகில இந்திய ரேடியோ சென்னை நிலையத்தைத் திறந்தபோது நகரசபை விலகிக்கொண்டது. தொடங்கியவர்களுக்குப் புகழ் சேரட்டும், சேரவேண்டியதுதான். ஆனால் நடுவில் எட்டு வருஷம் தினம் தினம் யந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

அமெச்சூர்களின் கதை அதற்குப் பிறகும் மேடுபள்ளமாகவே போயிற்று. 1939ல் யுத்தம் வந்ததும் அவர்களுடைய உரிமங்கள் பறிக்கப்பட்டன. 1942ல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தியது எல்லோருக்கும் தெரிந்த கதை. சுதந்திரம் வந்த மறுவருஷம், 1948ல், அமெச்சூர்களுக்கு அகில இந்திய அளவில் ஒரு சங்கம் அமைந்தது. 2005 மே 5ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இவர்களுக்கென்றே ‘ஹாம்ஸாட்’ என்ற சிறு செயற்கைக்கோளும் ஏவப்பட்டது. அது 2014 வரை உழைத்தது.

இவர்கள் வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று நினைப்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த மாதம் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அமெச்சூர் ஒலிபரப்புக்காக அந்தமானில் போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. கடல் பொங்கி வந்து டெலிபோன் கம்பிகள் அறுந்தபோது, விளையாட்டுக்காகக் கொண்டுபோன யந்திரங்களே செய்தி சொல்லும் வழியாயின. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதி அந்த வழியாகத்தான் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் யந்திரம் மறுத்துப் பேசினால் என்ன ஆகும்? ஆகவே, “எந்த மென்பொருளை நம்புவது?” என்பது வெட்டிப் பேச்சு அல்ல.

லினக்ஸ் பிறந்தது 1991ல். அதன் உட்கரு ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றி வேண்டிய சாமான்களைச் சேர்த்து, மூட்டை கட்டிக் கொடுப்பவர்கள் பலர். இந்த மூட்டையைத்தான் வழங்கல் என்கிறார்கள். தீபாவளிப் பட்சணக் கூடை மாதிரி. மைதா ஒன்றுதான், கடைக்குக் கடை ருசி வேறு. 1993ல் பிறந்த டெபியனைத் தொண்டர்களே நடத்துகிறார்கள். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நிதானமாகப் புதுப் பதிப்பு வரும். அதிலிருந்து கிளைத்து 2004ல் வந்த உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வெளியாகும்; இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஐந்து வருஷம் ஆதரவு தருவதாக வாக்களிக்கும் பதிப்பும் வரும். ஃபெடோராவும் ஆறு மாதக்காரர்தான். ஆனால் ஒவ்வொரு பதிப்பையும் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் கவனிப்பார்.

இந்தத் தேர்வு தமிழ்நாட்டில் சர்க்கார் மட்டத்திலும் நடந்திருக்கிறது. 2007, 2008 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம், ஜெர்மனியில் பிறந்த ஸூஸே லினக்ஸைத் தேர்ந்தெடுத்து அலுவலகக் கணினிகளுக்கும் பள்ளிக்கூடக் கணினிகளுக்கும் போட்டது. அதே சமயத்தில் சென்னையில் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு ‘பாஸ்’ என்ற வழங்கலைத் தயாரித்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, விண்டோஸோடு கூட இருந்தது ஸூஸே அல்ல, பாஸ். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாலு வருஷத்துக்குள் வழங்கல் மாறினால், பழையதைப் பழகிய ஆசிரியர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டியதுதான் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

மென்பொருள் ரேடியோவில் இந்தச் சங்கடம் இன்னும் கூர்மையானது. இந்தத் துறையின் தாய் மென்பொருள் ‘க்னூ ரேடியோ’. 2001ல் ஆரம்பமானது. 2019ல் 3.7 என்ற பதிப்பிலிருந்து 3.8க்குப் போனபோது, பழையதற்காக எழுதிய பல துணைப் பகுதிகள் திருத்தி எழுதினாலொழிய வேலை செய்யாமற் போயின. அதே வருஷம் வந்த டெபியன் 10ல் இருந்தது 3.7, 2021ல் வந்த 11ல் 3.8, 2023ல் வந்த 12ல் 3.10. ஆக, “இதைத் தட்டச்சு செய், ரேடியோ பேசும்” என்று ஒருவர் எழுதி வைத்த பாடம், இன்னொருவரின் கணினியில் ஊமையாக நிற்கும். போதாக்குறைக்கு, லினக்ஸின் உட்கருவுக்கு அந்தத் துண்டுக் கருவியைக் கண்டால் டெலிவிஷன் ஞாபகம்தான் வருகிறது! செருகியவுடன் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். “ஐயா, விட்டுவிடுங்கள், இது ரேடியோ” என்று ஒரு வரி எழுதி வைத்தால்தான் கையை எடுக்கும். தெரிந்தவருக்கு இது ஒரு நிமிஷ வேலை. தெரியாத பையனோ கருவி பழுது என்று மேஜை அறையில் போட்டுவிடுவான். ஒரு அமெச்சூர் அங்கேயே அஸ்தமித்துவிடுகிறார்.

இதனால்தான், ஒரு சிறு குழு “எல்லா லினக்ஸுக்கும் உதவி செய்வோம்” என்று சொல்வதை நான் ஆபத்தாக நினைக்கிறேன். அது தாராள மனசு மாதிரி தோன்றும். நடைமுறையில் ஒருவருக்கும் உதவாது. நாலு பேர் மாலை நேரத்தில் செய்யும் காரியம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒவ்வொரு மூலையையும் தெரிந்துகொண்டு, நள்ளிரவில் கேட்டாலும் பதில் சொல்ல முடியவேண்டும். என் அபிப்பிராயத்தில் அந்த ஒன்று டெபியன், அல்லது உபுண்டுவின் ஐந்து வருஷப் பதிப்பு. புதுமைக்கு ஆசைப்படுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் கிடைக்கும் மென்பொருள் ஒன்றிரண்டு வருஷம் பழசு என்பார்கள். வாஸ்தவம். ஆனால் பழசாக இருப்பது தெரிந்த நோய். நாள்தோறும் மாறுவது தெரியாத நோய். கம்பெனி கைவிட்டாலும் நிற்கக்கூடிய தொண்டர் கூட்டம் டெபியனுக்கு உண்டு. அமெச்சூர் வானொலி மென்பொருளை மட்டும் கவனிக்கவே அதில் ஒரு குழு இருக்கிறது. புதியதைச் சோதிக்க விரும்புகிறவர் தம் சொந்தக் கணினியில் தாராளமாகச் சோதிக்கட்டும். பையனின் கையில் கொடுப்பது ஒன்றாகவே இருக்கட்டும்.

சேர்வராயன் மலைக்கு இது புரியாத தத்துவமல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியை நட்டார். நட்ட செடி காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். அதுவரை நிழல் மரம் வைத்து, களை பறித்து, பூச்சி பார்த்துக் காத்திருக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு ஜாதி என்று பிடுங்கிப் பிடுங்கி நட்டிருந்தால் இன்று தோட்டமும் இராது, காப்பியும் இராது. நட்டவரின் பெயரைச் சரித்திரம் வைத்துக்கொண்டது. களை பறித்தவர்களின் பெயரை அது எழுதிவைக்கவில்லை.

1924ல் சென்னையில் கூடிய நண்பர்களுக்கு வானொலி ஓர் அதிசயமாக இருந்தது. நமக்கு அது அதிசயமில்லை. அவர்களுக்கு இல்லாத வசதி ஒன்றும் நமக்கு இருக்கிறது. நம்முடைய யந்திரத்தின் பெரும்பகுதி எழுத்தாக இருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பணமுடை வந்தாலும் ஏலம் போகாது. ஆனால் எழுத்தையும் யாராவது பாதுகாத்தாக வேண்டும். ஒரு லினக்ஸைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது, அடுத்த ஐந்து வருஷம் யாருடைய கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறோம் என்பதைத்தான். அந்தப் பதிலைச் சொல்ல ஆள் இருந்தால் எந்த வழங்கலும் நல்ல வழங்கலே. ஆள் இல்லாவிட்டால், மலை எவ்வளவு உயரமாக இருந்து என்ன பிரயோஜனம்?